சின்னக் கணினி எது வாங்கலாம்? நான்கு பெட்டிகளும் அவற்றின் மறைசெலவுகளும்

சின்னதாக ஒரு கணினி வாங்கிவிடலாம் என்று முடிவெடுத்தவர்கள் அடுத்த படியில்தான் திணறுகிறார்கள். ஒரே சுற்றுப்பலகையில் அடங்கிய கணினியான ராஸ்பெரி பை போர்டா, இன்டெல் என்100 சில்லு வைத்த புது மினி பிசியா, அலுவலகங்கள் கழித்துக்கட்டிய பழைய மினி பெட்டியா, மேக் மினியா? நான்கும் மேசையின் ஓரத்தில் அடங்கிவிடும். நான்கும் ஏறக்குறைய ஓசையில்லாமல் ஓடும். ஆனால் ஒன்று செய்யும் வேலையை இன்னொன்று அதே செலவில் செய்யாது. பட்டியலில் போட்டிருக்கும் விலையும் கடைசியில் கையைவிட்டுப் போகும் தொகையும் எந்தப் பெட்டியிலும் ஒன்றாக இருப்பதில்லை.

சிறிய கணினி ஏன் இப்படி இழுக்கிறது என்பதையும் முதலிலேயே பேசிவிடலாம். 2012இல் வந்த முதல் ராஸ்பெரி பையில் இருந்தது 256 எம்பி ரேம். வேகத்துக்காக யாரும் அதை வாங்கவில்லை. கெடுத்துவிட்டால் இயங்குதளம் இருக்கும் மெமரி கார்டை அழித்து மறுபடி எழுதிக்கொள்ளலாம் என்ற துணிச்சலுக்காக வாங்கினார்கள். ஒரு வேலைக்கு ஒரு பெட்டி, உள்ளே ஓடுவது எல்லாம் நமக்குத் தெரியும், அன்றாடக் கணினியைத் தொடவே வேண்டாம் என்பது நியாயமான ஆசை. அந்த ஆசைக்கு அளவு ஒரு காரணமே இல்லை. போர்டு 85க்கு 56 மில்லிமீட்டர்தான். அதற்குக் கேஸ், ஃபேன், அடாப்டர், எஸ்எஸ்டி எல்லாம் மாட்டிய பிறகு ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள அலுவலகப் பெட்டியைவிட அது அலமாரியில் பெரிதாக இடம் மிச்சம் பிடித்துவிடாது. ஆகவே அளவை விட்டுவிட்டு மற்றவற்றைப் பார்ப்போம்.

## எதை வைத்து எடைபோடுவது

சும்மா இருக்கும்போது இழுக்கும் மின்சாரம். இரவும் பகலும் ஓடும் பெட்டி பெரும்பகுதி நேரம் சும்மாதான் இருக்கும். அப்போது சுவர் பிளக்கில் எத்தனை வாட் என்பதுதான் கணக்கு. ஒரு வாட் ஆண்டு முழுக்க ஓடினால் 8.76 யூனிட். இரண்டு பெட்டிகளுக்கு இடையே 5 வாட் வித்தியாசம் என்றால் ஆண்டுக்குச் சுமார் 44 யூனிட். உங்கள் மின்கட்டண வீதத்தால் பெருக்கிப் பாருங்கள், பலருக்கு அது பயந்த அளவு இருக்காது. சில்லின் விவரத்தாளில் உள்ள டிடிபி எண்ணை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அது வெப்பத்தை வெளியேற்றும் அமைப்பை வடிவமைப்பவருக்கான எண். 6 வாட் என்று எழுதியிருக்கும் என்100 முழு வேலையில் பெட்டியாக 20 வாட்டைத் தாண்டும்; 35 வாட் என்று எழுதியிருக்கும் பழைய இன்டெல் ஐ5 சும்மா இருக்கும்போது 10 வாட்டை ஒட்டி நின்றுவிடும்.

என்ன இணைக்கப் போகிறீர்கள். சென்சார், ரிலே, சிறு மோட்டார் என்றால் வயரை நேராக மாட்டும் பின்கள் வேண்டும். டிஸ்க், பிரிண்டர், கேமரா என்றால் யூஎஸ்பி போதும்.

வீடியோ. சுருக்கி வைத்த படத்தை விரித்துக் காட்டுவது ஒரு வேலை. அதை வேறு வடிவத்துக்கு மாற்றி வேறு சாதனத்துக்கு அனுப்புவது இன்னொரு வேலை. இரண்டாவதற்குச் சில்லில் தனி என்கோடர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாக் கோர்களும் மூச்சுத் திணறும்.

மெமரியின் வேகம். வீட்டிலேயே மொழி மாடல் ஓட்டிப் பார்க்க நினைப்பவர்கள் மட்டும் இதைப் பார்த்தால் போதும். மாடல் வெளியிடும் ஒவ்வொரு டோக்கனுக்கும், அதாவது சொல்லின் சிறு துண்டுக்கும், மாடல் முழுவதையும் மெமரியிலிருந்து ஒருமுறை படித்தாக வேண்டும். எனவே மெமரியின் வேகத்தை மாடலின் அளவால் வகுத்தால் நொடிக்கு எத்தனை டோக்கன் என்ற உச்சவரம்பு கிடைக்கும். ப்ராசஸர் எவ்வளவு வேகமானாலும் இந்த வரம்பைத் தாண்ட முடியாது.

மின்சாரம் போய் வந்தால். யாரும் தொடாமல் தானாக எழுந்து, வேலையைத் தொடர வேண்டும். வாங்கும் நாளில் இதை யாரும் கேட்பதில்லை. முதல் மின்தடையன்று எல்லோரும் கேட்கிறார்கள்.

## ராஸ்பெரி பை 5

2023இல் வந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் நான்கு கார்டெக்ஸ்-ஏ76 கோர்கள், போர்டிலேயே பற்றவைத்த ரேம், 40 பின்கள். சும்மா இருக்கும்போது 3 வாட்டை ஒட்டித்தான் இழுக்கும். நான்கில் ஆகக் குறைவு இதுதான். மின்சாரம் வந்தவுடன் தானாக எழும்.

மறைசெலவு அடாப்டரில் தொடங்குகிறது. இந்தப் போர்டு கேட்பது 5 வோல்ட்டில் 5 ஆம்பியர். வீட்டில் இருக்கும் 65 வாட் யூஎஸ்பி-சி சார்ஜர் போதுமே என்று தோன்றும். போதாது. அந்த வகைச் சார்ஜர்கள் கூடுதல் வாட்டை 9, 15, 20 வோல்ட்டில்தான் தருகின்றன. 5 வோல்ட்டில் பெரும்பாலும் 3 ஆம்பியரோடு நின்றுவிடும். அப்போது போர்டு யூஎஸ்பி போர்ட்டுகள் அனைத்துக்கும் சேர்த்து 600 மில்லியாம்பியர் மட்டும் ஒதுக்கும். அதில் மாட்டிய வெளி எஸ்எஸ்டி சும்மா இருக்கும்வரை இருக்கும், பெரிய கோப்பை எழுதும்போது காணாமல் போகும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று மாற்றிப் பயனில்லை. அதற்கென விற்கும் 27 வாட் அடாப்டரை வாங்கினால் அந்த வரம்பு 1.6 ஆம்பியராக உயரும்.

அடுத்தது சேமிப்பு. மெமரி கார்டில் லாக் கோப்புகளும் டேட்டாபேஸும் ஓயாமல் எழுதிக்கொண்டிருந்தால் கார்டு தேயும். எழுதும் நடுவில் மின்சாரம் போனால் கோப்பமைப்பே குலையும். பாடல் கேட்க, திரையில் ஏதாவது காட்ட என்றால் கார்டு போதும். எப்போதும் எழுதும் வேலை என்றால் எஸ்எஸ்டியைப் பொருத்தும் எம்.2 துணைப்போர்டும் என்விஎம்இ வகை எஸ்எஸ்டியும் சேர்த்துக் கணக்கிடுங்கள். இணைப்பு பிசிஐஇ 2.0 ஒற்றை லேன் மட்டுமே. நொடிக்கு 400 எம்பிக்குச் சற்று மேலே கிடைக்கும். வேகமான எஸ்எஸ்டிக்குக் காசு கொட்ட வேண்டியதில்லை.

வெப்பம்: சில்லு 80 டிகிரியைத் தொட்டால் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளத் தொடங்கும். மூடிய கேஸில் ஃபேன் இல்லாமல் வைத்துக் கனமான வேலை கொடுத்தால் சில நிமிடங்களில் அங்கே போய்விடும். எனவே ஃபேனோடு கூடிய ஹீட் சிங்கும் பட்டியலில் ஏறுகிறது. போர்டு, அடாப்டர், ஃபேன், கேஸ், துணைப்போர்டு, எஸ்எஸ்டி, மைக்ரோ ஹெச்டிஎம்ஐ கேபிள் என எல்லாவற்றையும் கூட்டினால் தொகை பல நேரம் என்100 பெட்டிக்குப் பக்கத்தில் போய் நிற்கும். இந்தக் கூட்டலைச் செய்யாமல் போர்டின் விலையை மட்டும் வைத்து ஒப்பிடுவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் பெரிய பிழை.

மென்பொருளில் இரண்டு குத்தல்கள். இந்தப் போர்டில் ஹெச்இவிசி என்ற வீடியோ வடிவத்தை விரிக்க மட்டுமே தனி வன்பொருள் உண்டு. ஹெச்.264 என்ற இன்னொரு வடிவத்தை விரிப்பதும் எந்த வடிவத்துக்கு என்கோடு செய்வதும் கோர்களின் தலையில்தான். இரண்டாவது, இயல்பாக ஏறும் கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி, மெமரியை 16 கேபி பக்கங்களாகப் பிரித்து ஓடுகிறது. 4 கேபி என்று நம்பித் தொகுக்கப்பட்ட சில நிரல்கள் தொடங்கிய உடனே விழும். பூட் அமைப்பில் 4 கேபி கர்னலைத் தேர்ந்தால் சரியாகிவிடும், ஆனால் காரணம் தெரியாதவர் ஒரு மாலைப்பொழுதை இழப்பார்.

இன்னொன்று: பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. 5 வோல்ட் சென்சாரின் வெளியீட்டை நேராக மாட்டினால் அந்தப் பின், சில சமயம் சில்லே, போய்விடும். இடையில் வோல்ட்டை இறக்கும் லெவல் ஷிஃப்டர் வேண்டும்.

இதுவே சரி: பின்கள் தேவைப்படும் வேலை, பேட்டரியில் ஓடும் வேலை, கற்றுக்கொடுக்கும் வேலை. 2012இன் போர்டுக்குக்கூட 32 பிட் இயங்குதளம் இன்றும் கிடைக்கிறது. இவ்வளவு நீண்ட மென்பொருள் ஆதரவு இந்த அளவுப் போர்டுகளில் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. ஒரே விலையில் இரண்டு மடங்கு வேகம் என்று வரும் மற்ற போர்டுகள் பல, ஒரே ஒரு பழைய கர்னலோடு கைவிடப்படுகின்றன.

## புது என்100 மினி பிசி

2023இல் வந்த சில்லு. நான்கு சிறு கோர்கள், உச்சம் 3.4 கிகாஹெர்ட்ஸ். சுவரில் அளந்தால் சும்மா இருக்கும்போது 6 முதல் 10 வாட். இதன் உண்மையான பலம் வீடியோ: ஏவி1, ஹெச்இவிசி, ஹெச்.264 என்ற மூன்று வீடியோ வடிவங்களையும் வன்பொருளிலேயே விரிக்கும். பின்னிரண்டையும் வன்பொருளிலேயே என்கோடும் செய்யும். வீட்டுப் படத்தொகுப்பைப் பல சாதனங்களுக்கு மாற்றி அனுப்பும் சர்வருக்கு இந்த விலைவரிசையில் இதற்கு ஈடு இல்லை. கேஸ், அடாப்டர், ரேம், எஸ்எஸ்டி எல்லாம் உள்ளேயே வரும்.

மெமரிக்கு ஒரே ஒரு சேனல், அதாவது பாதை. ஒரு ஸ்லாட் இருக்கும், அல்லது போர்டில் பற்றவைத்திருக்கும். வாங்கும்முன் எது என்று பாருங்கள். இன்டெல் சொல்லும் வரம்பு 16 ஜிபி.

பெயர் தெரியாத பிராண்டுகளின் பெட்டிகளில் பிரச்சினை சில்லில் இல்லை, சுற்றியுள்ள சிக்கனத்தில் இருக்கிறது. எஸ்எஸ்டி மலிவானதாக இருக்கும். பயாஸுக்கு, அதாவது கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருளுக்கு, அப்டேட் வராது. முன்பே நிறுவி வரும் விண்டோஸில் உளவு மென்பொருள் இருந்தது என்று 2024இல் ஒரு பிராண்டின் பெட்டிகளைப் பிரித்து ஆராய்ந்தவர்கள் வெளிப்படுத்தினார்கள். எனவே வந்த நாளிலேயே டிஸ்கை முழுதாக அழித்து, இயங்குதளத்தை மூலத் தளத்திலிருந்து இறக்கி நிறுவுவது நல்லது. மின்சாரம் வந்ததும் தானாக எழும் அமைப்பு பயாஸில் இருக்கிறதா என்பதையும் திருப்பி அனுப்பும் காலம் முடிவதற்குள் பார்த்துவிடுங்கள். சில பெட்டிகளில் அந்த வரியே இல்லை.

பெரும்பாலானவை 12 வோல்ட் அடாப்டரில் ஓடுகின்றன. ரவுட்டருக்கு விற்கும் சிறு டிசி யூபிஎஸ்ஸில் மாட்டலாம் என்பது கூடுதல் வசதி. ஆனால் 12 வோல்ட், 2 ஆம்பியர் யூபிஎஸ் தருவது 24 வாட்தான். பூட் ஆகும்போது அதைத் தாண்டினால் பெட்டி அணைந்து அணைந்து எழும். பயாஸில் ப்ராசஸரின் மின்வரம்பைக் குறைத்தால் அடங்கும். யூஎஸ்பி-சி வழியாக மின்சாரம் எடுக்கும் மாடல்களில் சில, 12 வோல்ட் தரும் தன் சொந்த அடாப்டரை மட்டுமே ஏற்கும். லேப்டாப் சார்ஜரில் ஓடும் என்று விற்பவர் சொன்னால் சோதித்த பிறகு நம்பலாம்.

ஃபேனே இல்லாத மாடல்கள் கவர்ச்சியாக இருக்கும். தூசி உள்ளே போகாது, சத்தம் அறவே கிடையாது. ஆனால் மூடிய அலமாரிக்குள் வைத்தால் எஸ்எஸ்டிதான் முதலில் சூடேறும். திறந்த இடத்தில், பக்கவாட்டில் கையளவு வெளி விட்டு வையுங்கள்.

## கழித்துக்கட்டிய அலுவலக மினி பெட்டி

லெனோவோ திங்க்சென்டர் டைனி, டெல் ஆப்டிபிளக்ஸ் மைக்ரோ, ஹெச்பி எலைட்டெஸ்க் மினி. மூன்றும் ஏறக்குறைய 18 சென்டிமீட்டர் சதுரம், 3.5 சென்டிமீட்டர் தடிமன். நிறுவனங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மொத்தமாக மாற்றுவதால் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வருகின்றன. தேட வேண்டியது எட்டாம் தலைமுறை இன்டெல்: திங்க்சென்டர் எம்720க்யூ, ஆப்டிபிளக்ஸ் 7060, எலைட்டெஸ்க் 800 ஜி4. ஐ5-8500டி என்றால் ஆறு கோர்கள், இரண்டு ரேம் ஸ்லாட்டுகள், என்விஎம்இ ஒன்று, 2.5 அங்குல டிஸ்க் ஒன்று. ஒற்றைக் கோர் வேகத்தில் என்100 இதற்கு அருகில் வரும். பல கோர் வேலையில் இது முந்தும்.

ஏன் எட்டாம் தலைமுறை? விண்டோஸ் 11 அதற்குக் கீழே உள்ளவற்றை ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. லினக்ஸ் மட்டும் போடுவீர்கள் என்றால் ஆறாம் தலைமுறையும் ஓடும், விலையும் சரிந்திருக்கும்.

என் கணிப்பில், பின்களும் ஏவி1 வீடியோவும் தேவையில்லாத எவருக்கும் முதலில் பார்க்க வேண்டிய பெட்டி இதுதான். புதிதல்ல என்ற ஒரே குறைக்கு ஈடாக, ஒழுங்காக வடிவமைத்த மின்சுற்று, பல ஆண்டு வந்த பயாஸ் அப்டேட்டுகள், எளிதில் கிடைக்கும் உதிரிகள் எல்லாம் கிடைக்கின்றன. ஆனால் வாங்கும்போது இந்த வரிசையில் சோதித்தாக வேண்டும்:

1. பயாஸுக்குள் நுழைய முடிகிறதா? கடவுச்சொல் கேட்டால் வாங்காதீர்கள். இந்த வகைப் பெட்டிகள் பலவற்றில் உள்பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் அது போகாது.
2. தொலைவிலிருந்து முடக்கும் நிர்வாக அமைப்பு இயங்கும் நிலையில் இருக்கிறதா என்று பயாஸின் பாதுகாப்புப் பக்கத்தில் பாருங்கள். பழைய நிறுவனத்தின் பிடி அதில் மிச்சமிருக்கலாம்.
3. அடாப்டர் அதே நிறுவனத்துடையதா? டெல் பிளக்கின் நடுவில் ஒரு மெல்லிய ஊசி உண்டு. அது வழியாகப் பெட்டி அடாப்டரை அடையாளம் காணும். அடையாளம் தெரியாவிட்டால் ப்ராசஸர் வேகத்தை இறக்கிவிடும். கணினி மந்தம் என்று குறைசொல்லப்படும் பெட்டிகளில் சில, அடாப்டரை மாற்றியதும் விழித்துக்கொள்ளும். லெனோவோவின் பிளக் செவ்வக வடிவம், பொது அடாப்டர் நுழையாது.
4. எஸ்எஸ்டி தன் உடல்நிலையைக் குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தில் எழுதிய அளவும் ஓடிய மணி நேரமும். பெரும்பாலும் டிஸ்கை மாற்றிவிடுவதே நிம்மதி.
5. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஓர் இரவு முழுக்க. ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமை விலக்குங்கள்.
6. வைஃபை கார்டும் ஆன்டெனாவும் உள்ளே இருக்கிறதா? அலுவலகங்கள் கேபிளில் ஓட்டியதால் பலவற்றில் இருக்காது.

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டியவை குறைவு. மேல்மூடியைத் திறந்து தூசியை ஊதுங்கள். ஹீட் சிங்கைக் கழற்றிக் காய்ந்துபோன பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது தடவுங்கள். ஒரு பட்டாணியளவு போதும். சிஆர்2032 பட்டன் பேட்டரியை மாற்றுங்கள். அது தீர்ந்திருந்தால் மின்சாரம் போகும்போதெல்லாம் கடிகாரம் பின்னுக்குப் போகும், பாதுகாப்பான இணையதளங்கள் சான்றிதழ் பிழை காட்டும். ரேம் ஒன்றே ஒன்று இருந்தால் அதே அளவில் இன்னொன்று சேருங்கள். இரண்டாவது ஸ்லாட் நிரம்பினால் அளவு மட்டுமல்ல, மெமரியின் வேகமும் இரட்டிக்கும்.

## மேக் மினி எம்4

2024 நவம்பரில் வந்தது. 12.7 சென்டிமீட்டர் சதுரம், 5 சென்டிமீட்டர் உயரம். ஆரம்ப மாடலிலேயே 16 ஜிபி மெமரி. சும்மா இருக்கும்போது 4 வாட் அளவில் நிற்கிறது. அதாவது இதில் பாதி வேகம்கூட இல்லாத பெட்டிகளைவிடக் குறைவு. மேசைக் கணினியாக வைத்து வீடியோ வெட்டுவதற்கும் நிரல் தொகுப்பதற்கும் மற்ற மூன்றும் பக்கத்தில் வராது.

மெமரிக் கணக்கைப் போட்டால் வித்தியாசம் தெரியும். 800 கோடி அளவுருக்கள் (மாடல் கற்றுவைத்த எண்கள்) கொண்ட மாடலை 4 பிட்டில் சுருக்கினால் சுமார் 5 ஜிபி. எம்4இன் மெமரி நொடிக்கு 120 ஜிபி தருகிறது: உச்சவரம்பு 24 டோக்கன். ஐ5-8500டியில் இரண்டு டிடிஆர்4-2666 ரேம் போட்டால் 42 ஜிபி: 8 டோக்கன். என்100இல் டிடிஆர்4-3200 என்றால் 25 ஜிபி: 5 டோக்கன். பை 5இல் 17 ஜிபி: 3 டோக்கன். நடைமுறையில் எல்லாமே இதற்குக் கீழேதான் வரும்.

இங்கே மறைசெலவு, பிறகு எதையும் மாற்ற முடியாது என்பது. மெமரி சில்லோடு ஒட்டியது. வாங்கும் அன்றே எட்டாண்டுத் தேவையை ஊகித்தாக வேண்டும். டிஸ்க் கழற்றக்கூடியதே, ஆனால் கடையில் கிடைக்கும் என்விஎம்இ அதில் பொருந்தாது. 256 ஜிபி மாடலை வாங்கி, தண்டர்போல்ட்டில் வெளி எஸ்எஸ்டி மாட்டுவதே சிக்கனம். பழைய யூஎஸ்பி-ஏ போர்ட் ஒன்றுகூட இல்லை, ஹப் வேண்டும். சர்வராக வைப்பவர்களுக்கு இன்னொரு முள்: டிஸ்க் குறியாக்கம் இயங்கினால், மின்சாரம் போய் வந்தபின் யாராவது கடவுச்சொல் கொடுக்கும்வரை உள்ளே எந்தச் சேவையும் எழாது.

## ஒரே பார்வையில்

| | பை 5 | என்100 | அலுவலக மினி (8ஆம் தலைமுறை) | மேக் மினி எம்4 |
|---|---|---|---|---|
| சும்மா இருக்கும்போது, வாட் | சுமார் 3 | 6–10 | 7–12 | சுமார் 4 |
| ஆண்டுக்கு யூனிட் | 26 | 53–88 | 61–105 | 35 |
| ரேம் மாற்றலாமா | முடியாது | மாடலைப் பொறுத்து | முடியும், 2 ஸ்லாட் | முடியாது |
| நேரடிப் பின்கள் | 40 | இல்லை | இல்லை | இல்லை |
| வீடியோ என்கோடர் | இல்லை | உண்டு | உண்டு | உண்டு |
| ஏவி1 விரிப்பு, வன்பொருளில் | இல்லை | உண்டு | இல்லை | உண்டு |
| கவனிக்காமல் விட்டால் உதைப்பது | அடாப்டர், மெமரி கார்டு | எஸ்எஸ்டி, பயாஸ் | பயாஸ் பூட்டு, பிளக் | வாங்கிய அளவிலேயே நிற்பது |

யூனிட் வரிசையைப் பாருங்கள். பைக்கும் அலுவலக மினிக்கும் ஆண்டுக்கு அதிகபட்சம் 80 யூனிட் இடைவெளி. விலை வித்தியாசத்தை அது எத்தனை ஆண்டில் தின்னும் என்பது உங்கள் கட்டண வீதத்தையும் பழைய பெட்டி கிடைத்த விலையையும் பொறுத்தது. வீதம் அதிகம் என்றால் குறைவாக இழுக்கும் பெட்டி ஜெயிக்கும்.

## பட்டியலில் இல்லாத இரண்டு

வீட்டில் சும்மா கிடக்கும் லேப்டாப்பைச் சர்வராக்கலாம். திரை, கீபோர்டு, பேட்டரி என்ற சொந்த யூபிஎஸ் எல்லாம் இலவசம். மூடியை மூடினால் தூங்காதபடி அமைப்பை மாற்றுங்கள். பேட்டரி 60–80 சதவீதத்தில் நிற்கும்படி சார்ஜ் வரம்பு வையுங்கள். அந்த வசதி இல்லாத மாடல் என்றால் நிரந்தரமாகச் சார்ஜரில் விடாதீர்கள். எப்போதும் முழுதாக நிரம்பிச் சூட்டில் இருக்கும் லித்தியம் பேட்டரி உப்பும். டச்பேட் மேலெழும்புவதுதான் முதல் அறிகுறி. அதைக் கண்டால் அன்றே அணைத்து, பேட்டரியைக் குத்தாமல் வளைக்காமல் கழற்றி, மறுசுழற்சிக்குக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, கணினியே தேவைப்படாத வேலை. தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து அனுப்ப லினக்ஸ் எதற்கு? ஈஎஸ்பி32 என்ற சிறு மைக்ரோகன்ட்ரோலர் சில்லு போதும். ஆழ்துயிலில் சில்லு சில மைக்ரோஆம்பியர் மட்டுமே இழுக்கும். அளக்கும் சில நொடிகள் விழித்து, வைஃபையில் அனுப்பிவிட்டு மறுபடி தூங்கும். அழிந்துபோகக் கோப்பமைப்பே இல்லாததால் மின்சாரம் போனாலும் எதுவும் குலையாது. ஆனால் பேட்டரியில் ஓட்டும்போது போர்டைப் பார்த்து வாங்குங்கள்: மலிவான டெவலப்மென்ட் போர்டுகளில் இருக்கும் யூஎஸ்பி சில்லும் எரிந்துகொண்டே இருக்கும் எல்இடியும், சில்லு தூங்கும்போதும் பல மில்லியாம்பியர் குடித்து, மாதக்கணக்கில் வர வேண்டிய பேட்டரியைச் சில நாட்களில் தீர்த்துவிடும்.